தங்கூஸ் லேபிளை நம்பலாமா? தேங்காப்பட்டணம் கல்லுக்கு நரம்பும் தூண்டிலும்

பொழிமுகம்:
குமரி மாவட்டத் தேங்காப்பட்டணம் தூண்டில் வளைவு (அலைத்தடுப்பு) கல்லுல நின்னு பாரை, செம்பல்லிக்கு வீச வேண்டிய செட்டு: 4000 சைஸ் ரீல், பி.இ. 2 (தடிமன் எண்) பின்னல் நரம்பு, அதோட முனையில தூண்டிலுக்கு முன்னால கட்டுற லீடருக்கு 0.60 மில்லிமீட்டர் தங்கூஸ் (ஒத்தை இழை நைலான் நரம்பு), 2/0 அளவு தூண்டில் முள். அதே லேபிள், அதே அளவுதான். முன்ன தாங்கினது இப்ப முடிச்சுகிட்டயே போகுது. தூண்டில்ல சிலது நிமிருது, சிலது படக்குன்னு ஒடியுது. குளச்சல்ல எடுத்தாலும், களியக்காவிளை தாண்டி விழிஞ்ஞத்துல எடுத்தாலும் இதே கதை. பிராண்டு பேரு வேண்டாம். வாங்கினத வீட்டுலயே சோதிக்க வழி உண்டா?

கரமடி:
உண்டு தம்பி. லேபிள்ல கிலோ போட்டிருக்கும், அதை விடுங்க. முதல்ல விட்டத்தைப் பிடிங்க.

பென்சில்ல 20 சுத்து நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சுத்தி, அகலத்தை ஸ்கேல்ல அளந்து 20ஆல வகுங்க. 0.60 நரம்புன்னா 12 மில்லிமீட்டர் வரணும். 13.5 வந்தா அது 0.68. இன்னும் துல்லியமா வேணும்னா எடை போடுங்க. நைலானோட அடர்த்தி 1.14. அதனால விட்டத்தை விட்டத்தால பெருக்கி 90ஆல பெருக்கினா 100 மீட்டரோட எடை கிராம்ல வந்துரும். 0.60க்கு 32 கிராம் சொச்சம், 0.50க்கு 22, 1.00க்கு 90. நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஸ்பூல் எடையைக் கழிக்க மறக்காதீங்க.

விட்டம் தெரிஞ்சா தாங்குற எடையும் ஏறக்குறைய தெரியும். நல்ல நைலான்ல விட்டம் × விட்டம் × 55 கிலோ. 0.40க்கு 9 கிலோ, 0.60க்கு 20. ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்ட போகும்போது இதைவிடக் கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும். 0.40ல 20 கிலோன்னு போட்டிருந்தா, ஒண்ணு நரம்பு தடிமன் கூட, இல்லன்னா எழுத்து பொய்.

பின்னல் நரம்பு சுத்தும்போது தட்டையாகும், அதுக்குப் பென்சில் கணக்கு ஒத்துவராது. எடைதான். ஜப்பான் கணக்குப்படி பி.இ. 1ன்னா 200 டெனியர் (9,000 மீட்டரோட எடை, கிராம்ல). அப்போ பி.இ. 2 நூறு மீட்டருக்கு நாலரை கிராம். மேல்பூச்சுக்குக் கொஞ்சம் கூட வரலாம். ஆறரைக்கு மேல போனா உங்க கையில இருக்கறது பி.இ. 3.

அடுத்து இழுவை. நைலான் தண்ணி குடிக்கும், குடிச்சா பலம் குறையும். காய்ஞ்ச நரம்பை இழுத்துப் பார்த்துக் கடைக்காரர் காட்டுறதுல அர்த்தமில்ல. ரெண்டு மணி நேரம் உப்புத்தண்ணில ஊற வைங்க. ஒரு முனையை வழவழப்பான பைப்புல ஆறேழு சுத்து சுத்திக் கட்டுங்க, அங்க முடிச்சுல பாரம் விழாது. மறுமுனையில நீங்க வழக்கமா போடுற முடிச்சு, அதுல பக்கெட்டு. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, பக்கெட்டு எடை தனி. குவளை குவளையா ஊத்துங்க, திடீர்னு ஊத்தினா கணக்கு தப்பும். பக்கெட்டு விழும், காலைத் தள்ளி வச்சுக்கோங்க. 20 கிலோ நரம்பு நனைஞ்சு, முடிச்சோட 14, 15 தாங்கினா கொள்ளாம், நல்ல சரக்கு. 12க்குக் கீழன்னா லீடருக்கு வேண்டாம்.

டிராக்கையும் (மீன் இழுத்தா ரீல் நரம்பை விடுற இறுக்கம்) இந்த நனைஞ்ச கணக்குல, செட்டுல எது பலங்குறைஞ்சதோ அதுல கால் பங்குக்கு வைங்க.

ஈயக்குண்டு:
அறுந்த முனையைப் பார்க்காம நரம்பைக் குத்தம் சொல்லக் கூடாது. முனை பன்னி வால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு வழுக்கியிருக்கு, தப்பு கட்டினவர் மேல. கத்தி வச்ச மாதிரி இருந்தா சிப்பி, இல்ல சீலா மீனோட பல்லு. வெள்ளையா சொரசொரன்னு இருந்தா கல்லுல உரசினது. மடக்கினதும் வெடிச்சு நார் நாரா பிரிஞ்சா வெயில் தின்ன நரம்பு. அப்போ கடை வாசல்ல எவ்வளவு நாள் தொங்கிச்சுன்னு யோசிங்க. லேபிளோட சிவப்பு வெளிறியிருந்தா கையே வைக்காதீங்க.

முடிச்சை இறுக்கும்போது எச்சி தொட்டு மெதுவா. காய்ஞ்சு இறுக்கினா சூட்டுலயே நரம்பு வெந்துரும். பாதி பேரு திட்டுற "மட்டமான தங்கூஸ்" இதுதான்.

தூண்டிலுக்கு வருவோம். நிமிருறது பதம் (இரும்பைச் சுட்டு ஏத்துற கடினம்) குறைஞ்சது, ஒடியுறது பதம் ஏறினது. நல்ல பதத்துல இருந்தும் ஒடியுதுன்னா முலாம் பூசுறப்போ ஹைட்ரஜன் உள்ள போய் இரும்பு நொறுங்கலாகியிருக்கும். பெட்டியில ரெண்டைப் பலி கொடுங்க: தண்டை வைஸ்ல பிடிச்சு, முனையைக் குறட்டால வெளிப்பக்கம் மெதுவா விரிங்க. கொஞ்சம் விரிஞ்சு, விட்டதும் திரும்பணும். அப்படியே நின்னா ஒரு குறை, 'டிக்'குன்னா இன்னொரு குறை. மீன் நழுவாம தடுக்கிற எதிர்முள்ளோட வெட்டு ஆழமா இருந்தா ஒடியுறது அங்கதான். தூண்டில் கண்ணோட (நரம்பு கட்டுற வளையம்) வாய் முழுசா மூடியிருக்கான்னு நகத்தால தடவுங்க. அந்த இடுக்குல பின்னல் நரம்பு நுழைஞ்சா அறுந்துரும். கூர்மைக்கு நகத்துல வச்சு இழுத்தா கீறணும், வழுக்கக் கூடாது.

ஸ்விவலை (நரம்பு முறுக்காம சுழலுற இணைப்பு வளையம்) ரெண்டு மூணு கிலோ பாரத்துல தொங்கவிட்டுச் சுத்திப் பாருங்க. வெறுங்கையில எல்லாமே சுத்தும்.

சிப்பிக்கல்லு:
கரமடி அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். இப்ப எல்லாத்துக்கும் 'ஃப்ளோரோகார்பன்'னு (நைலானைவிடக் கனமான வேற ரக நரம்பு) ஒட்டி விக்கிறாங்க. ஒரு துண்டைத் தண்ணிக்குள்ள அமுக்கி, காற்றுக்குமிழ் போனதும் விடுங்க. அசல் 1.78 அடர்த்தி, விறுவிறுன்னு இறங்கும். நைலான் ஆடி அசைஞ்சு இறங்கும். கொளுத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், அந்தப் புகை விஷம். அந்தக் கல்லுக்கு அசலே கிடைச்சாலும் நான் 0.80 நைலான் லீடர்தான் சொல்லுவேன். சிப்பியில உரசுறப்போ தடிமன்தான் பேசும்.

நரம்பைப் படகு பேட்டரி பக்கத்துல வைக்காதீங்க. ஆசிட் நைலானைத் தின்னுரும், வெளிய தெரியவும் செய்யாது. வாங்கணும்னா ஆகஸ்ட்ல வாங்குங்க. நம்ம மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை, கேரளாவுல ஜூன் 10 முதல். தடை முடிஞ்சா கடையில சரக்கு ஓடும். ஜூலைல கிடைக்கறது பெரும்பாலும் கிடந்த சரக்கு. அந்த மாசம் கல்லுல ஏறவும் வேண்டாம், அலை சொல்லிட்டு வராது.

பொழிமுகம்:
அளந்தாச்சு. லேபிள் 0.60, 25 கிலோ. 50 மீட்டர் எடை 20.5 கிராம். முடிச்சில்லாம காய்ஞ்சு 21 கிலோ, நனைஞ்சு யூனி முடிச்சோட 11. முனை சுருளல.

கரமடி:
20.5ஐ ரெட்டிச்சா 41. அதுக்கு விட்டம் 0.68 வருது. அந்தத் தடிமனுக்கு 25 கிலோ நியாயமான கணக்கு, ஆனா உங்க நரம்பு காய்ஞ்சே 21தான். லேபிளோட கிலோவை எட்டத்தான் தடிமனைக் கூட்டியிருக்காங்க, அப்பவும் எட்டல. முடிச்சுல பாதியா விழுறது சரக்கு மட்டம்னு காட்டுது. ஒரு தடவை பலோமர் முடிச்சு போட்டும் பாருங்க. அதுலயும் 12 தாண்டலன்னா லீடர்ல இருந்து தள்ளிருங்க. வீணாக்க வேண்டாம்: ஸ்பூலோட அடியில பத்து மீட்டர் சுத்தி, அதுக்கு மேல பின்னலை ஏத்துங்க. பின்னல் மொட்டை ஸ்பூல்ல வழுக்கும், அந்த வேலைக்கு இது தாராளம். மிச்சத்தைக் கல்லுல போட்டுட்டு வராதீங்க, கரைவலைக்காரங்க கையிலதான் வந்து சிக்கும்.