வட்டார சுகாதார ஆய்வுக்குத் தனி நிதி தேவையா?

கேள்வி: வணக்கம். சிங்கப்பூரின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வின்படி, 18 முதல் 74 வயது வரையிலானோரிடையே உயர் ரத்த அழுத்தம் 2017இல் 24.2 விழுக்காடாக இருந்து 2021-2022இல் 37 விழுக்காடாக உயர்ந்துள்ளது. இது தீவு முழுமைக்கான எண். நான் வசிக்கும் யீஷூனில் எந்த அடுக்குமாடி புளோக்குகளுக்கு உதவி முதலில் தேவை என்பதை இது காட்டுவதில்லை. வட்டார ஆய்வுகளுக்குத் தனி நிதி ஒதுக்கலாமா?

பதில் 1: அவசியம் ஒதுக்க வேண்டும், ஐயா. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்னும் நோய்த்தடுப்புத் திட்டத்தின்கீழ், பொது மருத்துவமனைகளை நடத்தும் மூன்று பொதுச் சுகாதாரக் குழுமங்களும் தத்தம் வட்டார மக்கள்தொகையின் அடிப்படையில் நிதி பெறுவதால், அதில் ஒரு சிறு பங்கை ஆய்வுக்கென்றே ஒதுக்கி வைப்பது முறையான செலவுதான்.

பதில் 2: நிதியின் பெரும்பகுதி களப்பணியாளர்களுக்குச் செல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்த ஆய்வாளருக்குத் தமிழ் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் என் அம்மாவின் கையில் ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைச் சுற்றியவர், அம்மா நாள்தோறும் சேர்த்துக்கொள்ளும் ஊறுகாயையும் கருவாட்டையும் பற்றிக் கேட்கவே இல்லை. உப்பைப் பற்றிக் கேட்காத ஆய்வால் என்ன திட்டமிட முடியும்?

பதில் 3: எனக்கு முன் பதில் சொன்னவர் கூறுவது சரி. ஆனால் ஒரு வட்டாரத்தில் சில நூறு பேரை மட்டும் கேட்டால், இந்தியர், மலாய்க்காரர் என்று பிரித்துப் பார்க்கையில் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடும். மாதிரியின் அளவைப் பெருக்கவே முதலில் பணம் வேண்டும்.