பழைய ஒலி, ஒளி நாடாக்களை மின்னுருவாக்க நல்கை கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் அமைப்பு சிறியது. முழுநேர ஊழியர் யாரும் இல்லை. நாட்டார் பாடல்கள், மூத்த கலைஞர்களின் நேர்காணல்கள், மேடைப் பேச்சுகள் என்று ஸ்பூலும் கேசட்டும் யூ-மேட்டிக் என்ற பழைய வீடியோ நாடாவும் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை மின்னுருவாக்க, அதாவது கணினிக் கோப்புகளாக மாற்ற, நல்கை (நிதியுதவி) கேட்டுப் பெற்றோம். வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது.

விண்ணப்பத்தில் பெரும்பொழுதைத் தின்றது பட்டியல்தான். நாடா எந்த வகை, எந்த அளவு, யார் பதிவு செய்தது, பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது, பூஞ்சை உண்டா, வேறெங்காவது பிரதி உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினோம். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய நாடாவை ஓட்டிக் கேட்டால் அதற்கே ஆபத்து. கேட்காமல் உள்ளே இருப்பது இன்னதென்று நல்கை தருபவரிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் நாடாவைத் தொடாமல் அதைச் சுற்றியிருந்த காகிதங்களைத் தேடினோம். நிகழ்ச்சி அழைப்பிதழ், பதிவு செய்தவரின் குறிப்பேடு, கடிதங்கள், பாடியவர்களின் பிள்ளைகள் சொன்ன தகவல்கள். ஒரு ரீலின் அட்டையில் ஊர்ப்பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தன. குறிப்பேட்டில் அதே ஆண்டைப் புரட்டியபோது அன்று பாடிய மூவரின் பெயரும் கிடைத்தது. மதிப்பீட்டாளர்கள் தங்கள் கருத்துரையில் குறிப்பிட்டுப் பாராட்டியது அந்தப் பகுதியைத்தான்.

அவசரம் ஏன் என்று கேட்பார்கள். நாடா கெடுவது ஒரு பக்கம், ஓட்டும் கருவி மறைவது இன்னொரு பக்கம். பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் தயாரிப்பைச் சோனி 2016 மார்ச்சில் நிறுத்தியது. வி.எச்.எஸ். வீடியோ கேசட்டை ஓட்டும் டெக் செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் அதைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணகம் 2025-ஐயே காந்த நாடாக்களை மாற்றி முடிப்பதற்கான கெடுவாக அறிவித்திருந்தது. இவற்றோடு எங்கள் நாடாக்களின் நிலையையும் படத்துடன் வைத்தோம். பொதுவான அபாயத்தை எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் அலமாரியில் இன்று நடப்பதை நீங்கள் மட்டுமே எழுத முடியும்.

*

அண்ணா, நான் இந்தத் தொழிலில் மறுபக்கம் இருப்பவன். தொண்டு அமைப்புகளின் நாடாக்களை மாற்றிக் கொடுக்கும் ஒலிக்கூடத்தில் வேலை. பட்டியலைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. அதில் இரண்டு விவரங்களைச் சேர்த்தால் எங்களால் நேர்மையான விலை சொல்ல முடியும்.

ரீலைப் பக்கவாட்டில் விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நாடா. தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட்டில் புளிக்காடி வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது, மற்றவற்றிடமிருந்து அதை உடனே பிரித்து வையுங்கள். பாலியெஸ்டர் நாடாவில் வேறொரு நோய் வரும். 1970களிலும் 80களிலும் வந்த பல நாடாக்களில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. ஓட்டினால் கீச்சென்று சத்தமிட்டு, கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் தூளை அப்பிவிடும். அதைச் சுமார் 50 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக மிதமாகச் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். அதற்குள் மாற்றிவிட வேண்டும். அசிடேட்டை ஒருபோதும் இப்படிச் சூடேற்றக் கூடாது. வகை தெரியாமல் அனுப்பப்பட்ட நாடாக்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

எல்லா நாடாவுக்கும் ஒரே விலை போட்டு வரும் கொட்டேஷனை நம்ப வேண்டாம். நல்லது, அழுக்கானது, சிகிச்சை வேண்டியது என்று மூன்று தரத்துக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் ஹெட்டின் சாய்கோணத்தைத் திருத்துவார்களா என்றும் கேளுங்கள். அது பிசகினால் உச்ச அதிர்வெண்கள் மங்கிப் பதிவாகும். பிறகு மென்பொருளால் அதை முழுதாக மீட்க முடியாது.

*

உரிமை பற்றி யாரும் எழுதவில்லையே. சடங்குப் பாடல்களைப் பாடிய ஓர் அம்மாவின் மகளிடம் அனுமதி கேட்கப் போயிருந்தேன். பதிவைக் காப்பாற்றுவதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் துக்க வீட்டில் மட்டும் பாடும் பாட்டு இணையத்தில் எல்லோர் காதிலும் விழக்கூடாது என்றார். நல்கைக்காரர்கள் திறந்த அணுகலை விரும்புபவர்கள், மறுத்துவிடுவார்களோ என்று கவலையாக இருந்தது. காரணத்தை எழுதி, அந்தப் பதிவுகளை ஆவணகத்துக்கு நேரில் வந்து மட்டும் கேட்கலாம் என்று முன்மொழிந்தோம். ஏற்றுக்கொண்டார்கள். அனுமதி கேட்கும் உழைப்பையும் செலவில் காட்டுங்கள்; அது வேலைதான்.

*

எனக்கு நேர்ந்தது வேறு. முன்பொரு அமைப்பு நல்கை பெற்று மாற்றிய தொகுப்பு எங்களிடம் வந்து சேர்ந்தது. எம்பி3 கோப்புகள் மட்டும், ஒரே ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் பாதி திறக்கவில்லை. மூல நாடாக்களை மாற்றிய கையோடு எறிந்துவிட்டிருந்தார்கள். அந்தக் குரல்கள் இனி இல்லை. இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், மாற்றியபின் எங்கே வைப்பது என்ற பகுதியை விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியாக ஒதுக்காதீர்கள். ஐயாசா எனப்படும் பன்னாட்டு ஒலி, ஒளிக்காட்சி ஆவணகச் சங்கத்தின் வழிகாட்டி டிசி-04 இருக்கிறது. நடைமுறையில் பலரும் அதையொட்டி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுக்கிறார்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 2 ஜிபி. காணொளியை 10 பிட்டில் சுருக்காமல் எடுத்தால் பழைய டிவி தரத்திலேயே ஒரு மணி நேரம் 100 ஜிபியை நெருங்கும். தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் அது பெரிதும் குறையும். இந்தக் கணக்கைப் போட்டு, மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்று திட்டமிடுங்கள். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க எம்டி5 சரிபார்ப்பு எண்களையும் ஒலிக்கூடத்திடம் கேட்டு வாங்குங்கள். நல்கை முடிந்தபின் யார் செலவு செய்வார்கள் என்பதற்கு ஒரு பல்கலைக்கழக நூலகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். எங்கள் விண்ணப்பத்துக்குப் பலம் சேர்த்ததே அதுதான்.

*

மீண்டும் நான், முதலில் எழுதியவன். எங்கே விண்ணப்பிப்பது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க அமைப்புகளுக்கு, நூலகங்களுக்கு உதவும் கிளிர் (CLIR) நிறுவனம், மெலன் அறக்கட்டளை நிதியில் 2017 முதல் நடத்திவந்த 'ரெக்கார்டிங்ஸ் அட் ரிஸ்க்' நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வுக்கும் மக்களுக்குமான பயன், அழியும் அவசரம், நீண்டகாலப் பாதுகாப்புத் திட்டம், செலவுக்கேற்ற பலன் என்று அவர்கள் எடைபோடும் நான்கும் எந்த விண்ணப்பத்துக்கும் பொருந்தும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக நூலகத்தின் அருகிவரும் நவீன ஆவணங்கள் திட்டத்தையும், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் ஆர்கேடியா என்ற அறக்கொடை அமைப்பு நிதி தருகிறது. முன்னது 20, 21-ஆம் நூற்றாண்டுகளுக்கு, பின்னது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றுக்கு. பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தில் மூலப் பொருள்கள் நாட்டை விட்டு வெளியே போகாது என்பது பல குடும்பங்களுக்கு நிம்மதி தரும்.

கெடு முடியும் வாரத்தில் கேள்வி கேட்டால் பதில் வருவது கடினம். முதலில் பட்டியலைத் தொடங்குங்கள், பிறகு திட்ட அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்கள் பட்டியலின் வெற்றுப்படிவம் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.