தாமதமாக வந்த பெட்டிக்குப் பயணக் காப்பீட்டுத் தொகை பெறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். சென்ற வாரம் சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டனில் இறங்கியபோது அம்மாவின் பெட்டி வந்து சேரவில்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அதுவரை அவருக்காக வாங்கிய ஸ்வெட்டர், செருப்பு ஆகியவற்றின் ரசீதுகள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடம் இத்தொகையைக் கோர வேறு என்ன தேவைப்படும்?

பதில் 1:
விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி, பெட்டி வராததை விமான நிறுவனம் பதிவு செய்து தரும் பி.ஐ.ஆர். (Property Irregularity Report) எனப்படும் அறிக்கையைப் பெற்றீர்களா? அதுதான் அடிப்படை ஆவணம். அத்துடன் போர்டிங் பாஸ், பெட்டிக்கான ஒட்டுச்சீட்டு, பெட்டி ஒப்படைக்கப்பட்ட நேரத்தைக் குறிப்பிட்டு விமான நிறுவனம் தரும் கடிதம் ஆகியவற்றையும் இணையுங்கள். எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு இழப்பீடு கிடைக்கும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்தப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

பதில் 2:
ரசீதுகளை இன்றே படமெடுத்து வையுங்கள். என்னுடையவை இரண்டு மாதங்களில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிட்டதால், நியாயமான தொகையை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. மேலும், சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தாமதமான பெட்டி கைக்கு வந்த 21 நாட்களுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்ப வேண்டும். பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாட்கள்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறிக்கை கையில் இருக்கிறது. கடிதம் கேட்டு இன்றே எழுதுகிறேன். பெட்டியின் ஒரு சக்கரமும் உடைந்திருப்பதால், 7 நாள் கெடு முடிவதற்குள் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.