தெற்கு டர்பனில் வீடு எடுக்கலாமா? மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது

கேள்வி: தஞ்சைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து, தற்போது இங்குள்ள ஃபீனிக்ஸ் பகுதியில் நண்பர் வீட்டில் குடும்பத்துடன் தங்கியிருக்கிறோம். தெற்கு டர்பனின் மெரபேங்கில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்கு வருகிறது. கோயில் நடக்கும் தூரத்தில் உள்ளது. வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஏழு வயது மகளுக்கு ஆஸ்துமா இருப்பதால் தயங்குகிறோம். அங்கிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டுவிட்டதால் இனிப் பயமில்லை என்று வீட்டுத் தரகர் கூறுகிறார். அது உண்மையா? பின்கட்டின் ஒரு சுவரில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் கவனித்தோம். இரண்டில் எதற்கு நாங்கள் அதிகம் அஞ்ச வேண்டும்?

மறுமொழி 1: மெரபேங்க்வாசி

வணக்கம் தம்பி. பிறந்தது முதல் இங்கேயே இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தரகர் சொல்வது பாதி உண்மை. எங்கென் ஆலையில் 2020 டிசம்பர் 4 அன்று வெடிப்பு நிகழ்ந்தது. அதன்பின் அங்கு எண்ணெய் சுத்திகரிப்பு மீண்டும் தொடங்கவில்லை. சாப்ரெப் ஆலை 2022இல் பணியை நிறுத்தியது. அந்த ஏப்ரலில் வந்த பெருவெள்ளம் அதற்குள்ளும் புகுந்தது. 2024இல் அரசு நிறுவனம் ஒன்று அதை ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கிக்கொண்டது (எங்கள் நுரையீரலுக்கு என்ன விலை வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்). ஆனால் காகித ஆலை ஓடுகிறது, எண்ணெய்க் கிடங்குகள் அப்படியே இருக்கின்றன, துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகம் ஏற்றிய டீசல் லாரிகள் கிளேர்வுட் வழியாக இரவும் பகலும் போகின்றன.

நிலத்தின் அமைப்பும் பாதகமானது. கடல் பக்கம் பிளஃப் என்ற மேடும் உட்பக்கம் பெரியா என்ற மேடும் நிற்க, நடுப்பள்ளத்தில் நாங்கள் இருக்கிறோம். குளிர்கால இரவுகளில் தரையையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று படிந்துவிடுவதால், வாணலிக்கு மூடி போட்டதைப் போலப் புகை மேலெழ வழியின்றித் தங்கிவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் மூக்கே சொல்லிவிடும்.

ஆலைகளுக்கு நடுவே எங்களைக் குடியமர்த்தியது தற்செயலாக நடந்ததன்று. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின்கீழ், வேறு இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்களுக்கு மெரபேங்கும், கலப்பினத்தவர் என வகைப்படுத்தப்பட்டோருக்குப் பக்கத்து வென்ட்வர்த்தும் ஒதுக்கப்பட்டன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா காணப்பட்டது. அதற்குப் பிறகு கந்தக டை ஆக்சைடின் அளவு வெகுவாகக் குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மக்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதால் குறைந்தது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற செவிலி

குழந்தைகள் வார்டில் நீண்டகாலம் பணிபுரிந்தவள் என்பதால், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பின்கட்டை எடுக்காதீர்கள். வெளிக்காற்றை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது; பூஞ்சைச் சுவருக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்காமல் இருக்க முடியும். ஈரச் சுவரும், பாரஃபின் (மண்ணெண்ணெய்) அடுப்பும், வீட்டுக்குள் புகைபிடிப்பவரும் சேர்ந்தால் ஆலையே இல்லாத ஊரிலும் பிள்ளைக்கு மூச்சிரைக்கும். அதே மெரபேங்கில் வெயில் படும், குறுக்குக் காற்று வரும், பெரிய சாலையை விட்டுத் தள்ளிய வீடு கிடைத்தால் யோசிக்கலாம். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடா என்று பாருங்கள். இந்நாட்டில் 2008இல் தடை செய்யப்பட்டாலும் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் துளையிடவோ அதைத் தேய்க்கவோ கூடாது.

நான் வார்டில் கண்டது இதுதான். ஒரே தெருவில், ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரண்டு பிள்ளைகளில் மருத்துவக் காப்பீடு உள்ள வீட்டுப் பிள்ளை மூச்சிரைப்பு வராமல் தடுக்கும் மருந்தை இன்ஹேலரில் தினமும் உள்ளிழுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும். மற்றதன் தகப்பனார் தினக்கூலி. அரசு கிளினிக்கில் கட்டணமில்லை என்றாலும், அதிகாலையில் போய் வரிசையில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே மறுபரிசோதனை தள்ளிப்போகும், தடுப்பு மருந்து தீர்ந்துபோகும், நீல நிற இன்ஹேலர் மட்டும் மிஞ்சும். அது மூச்சுக்குழாயைச் சற்று நேரம் விரிக்குமே தவிர, உள்ளிருக்கும் அழற்சியைக் குறைக்காது. கடைசியில் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருவார்கள். உங்கள் மகளிடம் தடுப்பு இன்ஹேலர் இருக்கிறதா? இருந்தால், இருமல் இல்லாத நாட்களிலும் நிறுத்தாமல் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

மருந்து தொண்டையில் படியாமல் நுரையீரலுக்குப் போக, இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் அவசியம். அது வாங்க முடியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்துமாறு துளை செய்து, இடைவெளியை அடைத்து, பாட்டிலின் வாய் வழியாக இழுக்கச் செய்யலாம். கேப் டவுனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில் இது கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. முதல்முறை கிளினிக் செவிலியின் முன்னிலையில் செய்து பாருங்கள்.

தஞ்சைக்காரர்

மிக்க நன்றி அம்மா. நீல நிறம் மட்டும்தான் இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறோம். காற்றின் அளவுகள் சட்ட வரம்புக்குள்தான் உள்ளன என்று தரகர் ஓர் அறிக்கையைக் காட்டினார். அதை நம்பலாமா?

மறுமொழி 3: கிளேர்வுட் பேரன்

எந்த வரம்பு என்று கேளுங்கள். நுண்துகளுக்கு, அதாவது பிஎம் 2.5க்கு, தென்னாப்பிரிக்கா அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம். 2030 முதல்தான் அது 15 ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5. எனவே சட்டத்துக்கு உட்பட்ட காற்று உங்கள் மகளுக்கு உகந்த காற்றாக இருக்க வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத சூழலை ஒவ்வொருவரின் உரிமையாகச் சொல்கிறது. நிலக்கரி மின்நிலையங்கள் நிறைந்த ஹைவெல்ட் பகுதியின் நச்சுக்காற்று அந்த உரிமையை மீறுவதாக 2022இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எங்கே குடியேறினாலும், நாற்றம் வீசும் நாளில் தேதி, நேரம், காற்று வந்த திசை, மகளின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடம் புகார் செய்து, புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரை இங்கே யாரும் தேட மாட்டார்கள்.