டிபெட்6-க்குப் பழகிப்போன செல்கள்: பிஆர்டி4 ஏன் குறையவில்லை?

பாலாற்றங்கரை (காட்பாடி)
பிஆர்டி4 புரதத்தை அழிக்கும் டிபெட்6 மருந்தின் டோஸை, எம்எம்.1எஸ் மைலோமா (ரத்தப் புற்று) செல்லில் வாராவாரம் ஏற்றியதில், 500 நானோமோலாரிலும் செல் சாகாமல் வளர்கிறது. புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், 4 மணி நேரத்தில் மறைய வேண்டிய பிஆர்டி4 பட்டை அப்படியே நிற்கிறது. பிஆர்டி4 ஜீனில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க சீக்வென்சிங் அனுப்பலாமா? இல்லை, சென்னையிலிருந்து வரும் வழியில் வேலூர் வெயிலில் மருந்தே கெட்டிருக்குமா?

முள்ளுக்கத்தரி
மருந்துச் சந்தேகம் லேசில் தீரும். அதே குப்பியை மருந்து காணாத தாய் செல்லில் போடுங்க. அங்கே பட்டை மறைந்தால் மருந்து நல்லாத்தான் இருக்கு.

சீக்வென்சிங்குக்கு இப்போ காசு போடாதீங்க. பிஆர்டி4 இல்லாமல் செல் பிழைக்காது. டிபெட்6 அதை செரிப்ளானோடு சேர்த்துத்தான் அழிக்குது; செரிப்ளான் என்பது, அழிக்க வேண்டிய புரதத்துக்குக் குறியிடும் இ3 லைகேஸ் நொதியின் ஒரு பகுதி. அது இல்லாமல் செல் பிழைக்கும். அதனால் இலக்கை விட்டுவிட்டு இ3 லைகேஸைத்தான் முதலில் தொலைக்கும். 2019-இல் ஓவிகார்8 (சினைப்பைப் புற்று) செல்லில் கண்டதும் இதுவே: செரிப்ளான் வழி வேலை செய்யும் ஏஆர்வி-825 கொடுத்தவற்றில் செரிப்ளான் போனது, விஎச்எல் என்ற வேறொரு இ3 லைகேஸ் வழி வேலை செய்யும் ஏஆர்வி-771 கொடுத்தவற்றில் அந்த லைகேஸின் பகுதியான குல்லின்2 போனது.

டிபெட்6 செரிப்ளான் வழி. ஆகவே செல் வளரும் தட்டின் ஒரு குழியில் பொமாலிடோமைடு 1 மைக்ரோமோலார், 6 மணி நேரம். அது செரிப்ளான் வழியாக அழிக்கும் புரதமான இகாரோஸின் பட்டையைப் பாருங்க. இன்னொன்றில் எம்இசட்1, அதுவும் பிஆர்டி4-ஐ அழிப்பதுதான், ஆனா விஎச்எல் வழி. இகாரோஸ் நிற்குது, எம்இசட்1 பிஆர்டி4-ஐக் குறைக்குது என்றால் கோளாறு செரிப்ளான் பக்கம். இகாரோஸ் குறையுது, எம்இசட்1-ம் தோற்குது என்றால் மருந்தை வெளியே தள்ளும் ஏபிசிபி1 பம்பைச் சந்தேகிக்கணும். அந்தப் பம்பை அடைக்கும் ஸோசுக்விடார் சேர்த்ததும் பட்டை குறைந்தால் பம்ப்தான். அதுவும் இல்லையென்றால் அப்புறம் சீக்வென்சிங்.

ஆற்காடு மக்கன்பேடா
பிளாட்டில் செரிப்ளான் பட்டை தெரியுதுன்னு ஏமாறாதீங்க. மருந்து உட்காரும் குழிவில் ஒரு ட்ரிப்டோபான் (அமினோ அமிலம்) மாறினாலும் பட்டை அதே இடத்தில் நிற்கும், வேலை நடக்காது. இகாரோஸ் சோதனைதான் நம்பகம்.

எதிர்ப்பை உடைக்கிறேன்னு 10 மைக்ரோமோலார் அள்ளிப் போடவும் வேண்டாம். ஒரு மூலக்கூறு பிஆர்டி4-இல், வேறொன்று செரிப்ளானில் எனத் தனித்தனியாக ஒட்டிக்கொள்ளும்; இரண்டையும் சேர்க்கும் பாலம் அமையாது, பட்டை திரும்பி வரும். 10 நானோமோலாரிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஏற்றிப் பாருங்க. பொமாலிடோமைடு கலந்த மீடியத்தை முந்தின நாளே தயார் பண்ணி வைக்காதீங்க. நீரில் அதன் வளையம் உடையும்.

பாலாற்றங்கரை
நன்றிங்க. மருந்தை நிறுத்திப் பார்ப்பதில் பலன் உண்டா?

முள்ளுக்கத்தரி
உண்டு. இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, மறுபடி டோஸ் போடுங்க. பழைய உணர்திறன் திரும்பினால் ஜீன் போகவில்லை, அதன் வெளிப்பாடுதான் அடங்கியிருந்திருக்கு. ஆனா கலவைக் கூட்டத்தில் இதைச் செய்தால் மிஞ்சியிருந்த பழைய செல்கள் பெருகி அதே மாதிரி காட்டும். ஒற்றைச் செல் குளோன் (ஒரே செல்லிலிருந்து வளர்த்த கூட்டம்) எடுத்த பிறகு செய்யுங்க, ஒவ்வொரு டோஸ் படியிலும் இரண்டு குப்பி உறையவும் வையுங்க.