பழைய பஜெரோ 4×4: ஹைவேயில் மைலேஜ் 8ஐ ஒட்டியே நிற்கிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி: வைகைக்கரை

மிட்சுபிஷி பஜெரோ எஸ்எஃப்எக்ஸ் 2.8 டீசல், 2007 மாடல், மேனுவல் கியர், சூப்பர் செலக்ட் 4×4. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்னை–திருச்சி ரோட்டில் 100–110ல் ஓட்டினால் லிட்டருக்கு 8.2 தான் வருகிறது. சிட்டி மைலேஜ் பற்றிக் கவலை இல்லை, ஹைவே மட்டும்தான் கேள்வி.

கவனித்தவை:
– முன்பு 265/70 ஆர்16 இருந்ததாம். இப்போது 265/75 ஆர்16 மட் டெரெய்ன் டயர்.
– மேலே இரும்புக் கேரியர், அதில் லைட் பார்.
– 2எச்சில் (பின் சக்கரங்களை மட்டும் ஓட்டும் நிலை) ஓடும்போதே டிஸ்ப்ளேயில் முன் சக்கர விளக்குகள் சில நேரம் மின்னுகின்றன.
– இன்ஜின் ஃபேன் எப்போதும் லாரி மாதிரி இரைகிறது. ஹைவேயில் டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது.
– லோடில் கொஞ்சம் கரும்புகை.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில் மாற்றியாயிற்று. "டீசல் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: கரிப்புகை

பம்பை இப்போது தொடவே வேண்டாம். நீங்கள் எழுதிய பட்டியலிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்த 8.2 சரிதானா என்று பாருங்கள். 265/70 ஆர்16 டயரின் விட்டம் 777 மி.மீ., 265/75 ஆர்16 என்றால் 804 மி.மீ. சுமார் 3.4 சதவீதம் பெரிது. ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். அதாவது உங்கள் 8.2 உண்மையில் 8.5 பக்கம். தூரத்தை மொபைல் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். ஸ்பீடோ முள்ளையும் அதை வைத்தே ஒருமுறை சரிபாருங்கள்.

டீசல் அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. டீசல் நுரைக்கும், நாசில் முன்கூட்டியே 'டக்' என்று நின்றுவிடும். இரண்டு லிட்டர் வித்தியாசம் சாதாரணம். 15 லிட்டர் அடித்துக் கணக்குப் போட்டால் அதுவே 13 சதவீதப் பிழை. ஒரே பங்க், ஒரே பக்கத்து மெஷின், மெதுவாக அடிக்கச் சொல்லி, நுரை அடங்கியபின் மறுபடி டாப் அப் செய்து, 40 லிட்டருக்குமேல் எரிந்த பிறகுதான் கணக்கு.

அடுத்தது வேகம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனால் பெரிய தொகை இங்கேதான் போகிறது. இந்த வண்டிக்கு முகப்புப் பரப்பையும் டிராக் எண்ணையும் (காற்றை எவ்வளவு எதிர்க்கும் வடிவம் என்பதற்கான எண்) பெருக்கினால் 1.3 ச.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள், சாமானோடு எடை 2,200 கிலோ. டயர் உருளும் தடை சுமார் 280 நியூட்டன், அது வேகத்தோடு அதிகம் மாறாது. காற்றின் தடை 80 கி.மீ.யில் சுமார் 370, 90ல் 470, 100ல் 580, 110ல் 700 நியூட்டன். இரண்டையும் கூட்டினால் 110ல் 980, 90ல் 750. சக்கரத்தில் தேவைப்படும் ஆற்றல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட கால்வாசி குறைகிறது. இன்ஜினின் உள்ளுராய்வு அப்படியேதான் இருக்கும் என்பதால் டீசல் அதே அளவுக்குக் குறையாது. 15 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம். 330 கி.மீ.க்கு ஆகும் கூடுதல் நேரம் கணக்குப்படி 40 நிமிஷம்.

கேரியரும் லைட் பாரும் இதே கணக்கில்தான் வரும். சாமான் ஏற்றாத நாளிலும் காற்றுக்கு அது இருக்கிறதே. கழற்றி வையுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் லைட் பாரையாவது எடுத்துவிடுங்கள். முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புத் தடுப்பு) இருந்தால் அதற்கும் விடை கொடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

மட் டெரெய்ன் டயர் தார் ரோட்டுக்கானது அல்ல. கனமான பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதில்தான் டீசல் வெப்பமாகப் போகிறது. தேய்ந்து முடியும் வரை ஓட்டுங்கள். அடுத்த செட் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவில், ஹெச்/டி (ஹைவே டெரெய்ன்) ரகத்தில் வாங்குங்கள்.

பதில்: நாலுசக்கரம்

2எச்சில் முன் சக்கர விளக்கு மின்னுவதை விட்டுவிடாதீர்கள். சூப்பர் செலக்டில் முன் ஆக்ஸிலின் ஒரு பக்கத்தில், அந்தப் பக்கச் சக்கரத்தை டிஃபரன்ஷியலோடு இணைக்கவும் விலக்கவும் ஃப்ரீவீல் கிளட்ச் இருக்கிறது. வேக்யூம்தான் அதைப் பூட்டும், விடுவிக்கும். இரண்டு சாலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுபவை), மெல்லிய ரப்பர் குழாய்கள், ஆக்ஸில் மேல் ஒரு ஆக்சுவேட்டர். குழாய் வெடித்தாலோ சாலினாய்டு ஒட்டிக்கொண்டாலோ கிளட்ச் பூட்டிய நிலையிலோ பாதியிலோ நின்றுவிடும். அப்படி நின்றால் 2எச்சிலும் முன் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல், பினியன், முன் புரொபெல்லர் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் எல்லாம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பாதியில் நிற்பதுதான் மோசம், பற்களே தேய்ந்துபோகும்.

சோதிக்க ஸ்கேனர் வேண்டாம். சமதளத்தில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, 2எச் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியபின் இன்ஜினை அணைத்து, முன்பக்கம் இரண்டு சக்கரமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரமும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டும் சும்மா இருந்தால் கிளட்ச் விட்டிருக்கிறது. மறு சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினாலோ ஷாஃப்ட் திரும்பினாலோ பூட்டியே இருக்கிறது என்று அர்த்தம்.

பூட்டியிருந்தால் ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றிக் கை வேக்யூம் பம்ப் போட்டுப் பாருங்கள். ராடு நகர்ந்து, முள் இறங்காமல் நின்றால் ஆக்சுவேட்டர் நல்லது. குழாயையும் சாலினாய்டையும் தேடுங்கள். குழாய்களை மாற்றும்போது எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் மாற்றிச் செருகினால் தலைகீழாக வேலை செய்யும்.

தூக்கியபடியே பிரேக்கையும் பார்த்துவிடலாம். பழைய வண்டியில் காலிப்பர் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகுவது சகஜம். பேடு டிஸ்க்கை விடாது. ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டி நிறுத்தி, ஐஆர் தெர்மாமீட்டரால் நான்கு ஹப்பையும் அளந்து பாருங்கள். இடது வலது சோடிக்குள் 20 டிகிரிக்குமேல் வித்தியாசம் என்றால் சூடான பக்கம் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சக்கரம் இறுகியிருக்கும்போதே பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியேவிடும் சின்ன திருகு) திறங்கள். உடனே விட்டுவிட்டால் பிரச்சினை ரப்பர் ஹோஸில் (உள்ளே வீங்கி அடைத்திருக்கும்) அல்லது மாஸ்டர் சிலிண்டரில். அப்போதும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் அல்லது ஸ்லைடு பின். பின்னுக்குச் சிலிகான் கிரீஸ்தான், சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், மறுபடி இறுகும்.

கூடவே டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பு, மறு திசையில் அரம் மாதிரி அறுத்தால் டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) சரியில்லை. பட்டன் டயரில் இது தெளிவாகத் தெரியும்.

பதில்: டீசல்பம்ப்_நாமக்கல்

மேல இரண்டு பேரும் சொன்னது சரி. பம்பு வேலை பாக்குறவன் நானே சொல்றேன், பம்பை முதல்ல கழட்டாதீங்க சார்.

டெம்பரேச்சர் முள் ஹைவேல இறங்குதுன்னா தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகுற வரை தண்ணிய ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே நிக்குது, இல்ல யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க. நம்ம ஊர்ல "சூடு ஆகாது சார்"னு கழட்டுறது ஒரு வியாதி. இன்ஜின் சூடு ஏறலைன்னா டீசல் சரியா எரியாது, ஆயில் கெட்டியா இருக்கும், போர் சீக்கிரம் தேயும். கழட்டி வெந்நீர்ல போட்டுப் பாருங்க, வால்வு மேல அடிச்சிருக்கிற டிகிரில திறக்க ஆரம்பிக்கணும், ஆறினா முழுசா மூடணும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டுனா பைபாஸ் (தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம சுத்துற குறுக்கு வழி) மூடாது, லோடுல சூடு ஏறும். உங்க 4எம்40 இன்ஜின் ஹெட் சூடு தாங்காது, கிராக் விட்டா செலவு பெருசு. அதனால நல்லதா வாங்கிப் போடுங்க.

ஃபேன் இரையிறது விஸ்கஸ் கப்ளிங் (சூட்டுக்கு ஏத்த மாதிரி ஃபேனை இன்ஜினோட இணைக்கிற பாகம்) பூட்டிக்கிட்டதால. காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் இரைஞ்சு அடங்குனா நார்மல். எப்பவுமே இரைஞ்சா கப்ளிங் போச்சு. ஹைவேல அந்த ஃபேன் வேலையே இல்லாம பல குதிரைத்திறனை தின்னும். இன்ஜின் ஆஃப் பண்ணி ஆறினப்புறம் கையால சுத்திப் பாருங்க. லேசா எதிர்த்துக்கிட்டு சுத்தணும், கம்பி மாதிரி இறுகி இருந்தா மாத்துங்க. ஓடுற இன்ஜின்ல துணி, கட்டை விட்டு நிறுத்திப் பாக்குற வித்தை எல்லாம் வேண்டாம். இந்த வண்டிக்கு ஃபேனைக் கழட்டி எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுறதும் வேண்டாம்.

இப்போ புகை. டர்போல இருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்டேக் போற ரப்பர் ஹோஸ்ல வெடிப்பு இருக்கும், ஆயில் கசிஞ்ச கறையே காட்டிக் குடுக்கும். ஹோஸ் வாயை அடைச்சு 0.7 பார் காத்து விட்டு, சோப்புத் தண்ணி தெளிச்சா குமிழி வரும். பம்பு தலையில இருக்கிற பூஸ்ட் டயாஃப்ரத்துக்கு ஒரு சின்ன குழாய் போகும், அது வெடிச்சா பூஸ்ட் ஏறினாலும் டீசல் ஏறாது, வண்டி இழுக்காது. இழுக்கலைன்னு போனா பல கடையில செய்யுறது என்ன தெரியுமா? ஃபுல் லோடு ஸ்க்ரூவை கால் சுத்து உள்ள விடுவாங்க. வண்டி இழுக்கும், கஸ்டமர் சந்தோஷம், ஆனா காத்து பத்தாத டீசல் கரும்புகையா வெளிய போகும். உங்க பம்புல சீல் கம்பி அறுந்திருக்கா, ஸ்க்ரூ நட்டுல ஸ்பானர் பட்ட புது தடம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அப்போ டெஸ்ட் பெஞ்சுக்கு எடுத்துட்டு வரலாம்.

இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட் பண்றது மலிவு, அதைப் பண்ணிடுங்க. நாலும் ஒரே பிரஷர்ல திறக்கணும், தெளிப்பு மூடுபனி மாதிரி இருக்கணும், நுனியில சொட்டு நிக்கக் கூடாது. திருப்பி மாட்டும்போது அடியில வாஷர் புதுசு. இன்ஜெக்டர் ரிட்டர்ன் ஹோஸும் ஒரு பார்வை, வியர்த்திருந்தா மாத்துங்க.

இன்னொண்ணு, இது ப்ரீ-சேம்பர் இன்ஜின், டீசல் முதல்ல ஒரு சின்ன அறையில தெளிக்கப்படும். நேரடி இன்ஜெக்ஷன் காமன் ரெயில் மாதிரி 13, 14 கேக்காதீங்க. அது டிசைன், ரிப்பேர் இல்ல.

வைகைக்கரை:

நன்றி. மூன்று சந்தேகம். டயர் காற்றை 40 பிஎஸ்ஐ வைத்தால் நல்லது என்கிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா? டிஃபரன்ஷியல் ஆயில், எரிபொருள் ஆடிட்டிவ், காந்தம் இதெல்லாம் பயன் தருமா?

பதில்: கரிப்புகை

40 வேண்டாம். டயர் நடுவில் மட்டும் தேயும், மழையில் பிடி குறையும். ஸ்டிக்கரில் உள்ளதைவிட 2–3 பிஎஸ்ஐ கூட்டலாம், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது. மதிய வெயிலில் ஓட்டியபின் 4–5 பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

நியூட்ரலில் விடுவதால் டீசல் மிச்சமாகாது. கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் பம்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் எரிந்துகொண்டேயிருக்கும், இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். மலைப்பாதையில் ஆபத்து.

உண்மையான மிச்சம் டோல் பிளாசாக்களில் இருக்கிறது. 90ல் வரும் 2,200 கிலோ வண்டியை மிதித்து நிறுத்தினால் 690 கிலோஜூல் பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் டீசலிலிருந்து சக்கரத்துக்கு வருவது 10 மெகாஜூல் என்றால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 70 மில்லி. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி எல்லாம் தூரத்திலேயே தெரியும். அரை கி.மீ. முன்பே காலை எடுத்துக் கியரில் உருட்டுங்கள்.

பதில்: நாலுசக்கரம்

ஆயிலில் வருவது 1–2 சதவீதம், அதற்காக மாற்ற வேண்டாம். ஆனால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாம் ஒருமுறை மாற்றுவது நல்லதுதான். கியர் பாக்ஸில் மேனுவல் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், பித்தளை சின்க்ரோவை அரிக்கும். பின் டிஃபரன்ஷியலில் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) ஸ்டிக்கர் இருந்தால் எல்எஸ்டி ஆயில்தான். நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். மேலது இறுகிப்போயிருந்தால் காலி டிஃபரன்ஷியலோடு நிற்பீர்கள்.

நல்ல தார் ரோட்டில் மழை இல்லாத நாளில் 4எச் (நான்கு சக்கரமும் ஓட்டும் நிலை) தேவையில்லை, 2எச்சிலேயே வையுங்கள். காந்தம், ஹைட்ரஜன் கிட் எல்லாம் காசுக்குக் கேடு.

பதில்: டீசல்பம்ப்_நாமக்கல்

ஆடிட்டிவ் பத்தி நானும் அதேதான். சொட்டுற இன்ஜெக்டரை எந்த டப்பாவும் சரி பண்ணாது.

செலவு வரிசை சொல்றேன்: கேரியர், காத்து, ஃப்ரீவீல், பிரேக். அப்புறம் தெர்மோஸ்டாட், ஃபேன் கப்ளிங். அப்புறம் ஹோஸ், இன்ஜெக்டர். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு டேங்க் அளந்துக்கோங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. 90ல ஏசி போட்டு ஜிபிஎஸ் கணக்குல பத்தரை வந்தா பம்பை மறந்துடுங்க. எல்லாம் முடிச்சும் ஒன்பதைத் தாண்டலைன்னா பம்பு டைமிங்கை (டீசல் தெளிக்கிற நேரம்) டயல் கேஜ் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, காதுல கேட்டு பம்பைத் திருப்புற கடைக்குப் போயிடாதீங்க.