பால்டோ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

வணக்கம். 1995-ல் வந்த, பால்டோ என்ற நாயைப் பற்றிய 'பால்டோ' அனிமேஷன் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? என் ஏழு வயது மகள் மூன்று முறை பார்த்துவிட்டாள். இப்போது ஆச்சியும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்திலிருந்து சொல்வதற்குள் காட்சி ஓடிவிடுகிறது.

இன்னோர் உதவியும் வேண்டும். மகளுக்கு இந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதையைச் சொன்னேன். 1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் டிப்தீரியா (தொண்டை அடைப்பான் நோய்) பரவியபோது, சுமார் 20 பேர் நாய்வண்டிகளில் கைமாற்றிக் கைமாற்றி, கிட்டத்தட்ட 1,085 கிலோமீட்டர் மருந்தைக் கொண்டுபோனார்கள். பால்டோ ஓடியது கடைசிக் கட்டம். மிக நீண்ட, உறைகடல் மேலான ஆபத்தான தூரத்தை ஓடியது நாய்வண்டி ஓட்டிய லியோன்ஹார்ட் செப்பாலாவின் நாய் டோகோ. அதுவும் முதிர்ந்த வயதில்! "அப்போ டோகோ ஏன் படத்துல இல்ல?" என்று கேட்டு அழுதுவிட்டாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

டோகோவைப் பற்றிச் சிறுவர் படக்கதையோ காணொளியோ இருந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது. ஆங்கிலமானாலும் நானே வாசித்துச் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை அம்மா வருகிறார். அதற்குள் சப்டைட்டிலாவது கிடைத்தால் பெரிய உதவி.